மயிலாப்பூரில் வாய் திறக்காத ஏழு நாள்

திங்கள், காலை 9.40. எழுநூறு கிலோமீட்டருக்கும் மேல் ரயிலில் உட்கார்ந்தும் படுத்தும் வந்து, நானும் என் மனைவி வசந்தாவும் தாம்பரத்தில் இறங்கினோம். எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்கு ஏழு கிலோமீட்டர் தள்ளி. நான் அங்கே அரசு உதவி பெறும் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். ஊருக்குள் என்னை பி.டி. வாத்தியார் என்பதைவிட ஏலக்கார வாத்தியார் என்றால்தான் தெரியும். எங்கள் சபையில் வருஷா வருஷம் ஸ்தோத்திரப் பண்டிகை நடக்கும். விசுவாசிகள் கொண்டுவந்து படைக்கிற வாழைத்தார், சேவல், பூசணி எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமை மாலை ஏலம் விடுவார்கள். முப்பது வருஷமாக மைக் என் கையில்தான். அடேயப்பா, ஒரு பூசணிக்காய்க்காக இரண்டு அண்ணன் தம்பிகளை மோதவிட்டு வேடிக்கை பார்த்தவன் நான்.

அந்தத் தொண்டைதான் ஆறு மாதமாகக் கரகரத்தது. உள்ளூர் மருத்துவர் பார்த்துவிட்டு, குரல் நாணில் ஏதோ சதை வளர்ந்திருக்கிறது, மெட்ராசுக்குப் போய் எடுத்துவிடுங்கள் என்றார். திட்டம் சுலபமானது. செவ்வாய் சின்ன ஆபரேஷன், வியாழன் ரயில், ஞாயிறு ஏலம். திரும்பும் டிக்கெட் சட்டைப் பையிலேயே இருந்தது.

தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் மாம்பலம் வந்தோம். வெளியே ஆட்டோக்காரர் மயிலாப்பூருக்கு இருநூற்றைம்பது கேட்டார். ஐந்து கிலோமீட்டர்தான். நான் விடுவேனா? கரகர குரலிலேயே, “நூத்தம்பது ஒரு தரம்! நூத்தம்பது ரெண்டு தரம்!” என்றேன். நடைபாதையில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்கூடத் திரும்பிப் பார்த்தாள்.

ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். “இன்னா சார், என்னியே ஏலம் வுட்றியா? நூத்தி எண்பது குடு, ஏறு.”

அவர் பெயர் தனா. நாற்பது வயதிருக்கும். அடையாற்றுக் கரையில் பிறந்து வளர்ந்தவர். இப்போது பெரும்பாக்கம் அடுக்குமாடியில் வீடு கொடுத்து அங்கே அனுப்பிவிட்டார்களாம். “இருபது கிலோமீட்டர் தெனம் வந்துகினு போய்க்கினு கீறேன் சார். பொழப்பு இங்கதானே கீது?” என்றார். மெட்ரோ வேலைக்காக லஸ் பக்கம் சாலையை மறித்திருந்தார்கள். இருபது நிமிஷம் ஒரே இடத்தில் நின்றோம். நான் மணிக்கட்டில் எப்போதும் கட்டியிருக்கிற ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்துப் பார்த்துச் சலித்துக்கொண்டேன். அவர் இஞ்சினை அணைத்துவிட்டு, “நிக்கும்போதுதான் சார் நான் ஊரையே பாக்கறேன். ஓட்டிக்கினு இருந்தா முன்னாடி போற வண்டியோட பின்னாடிதான் தெரியும்” என்றார். அப்போது அது எனக்கு வெட்டிப் பேச்சாகத்தான் பட்டது.

தங்கியது திருச்சபை விருந்தினர் விடுதி ஒன்றில். இரண்டு கட்டில், ஒரு மேசை, ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். நாளுக்குத் தொள்ளாயிரம் ரூபாய்.

செவ்வாய், பிற்பகல் 2 மணி. அடையாறில் ஒரு மருத்துவமனை. ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது மருத்துவர் பக்கத்தில் நின்றார். முப்பத்தைந்து வயதுப் பெண். நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். சட்டென்று கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஒரு வார்த்தை கூடாது சார். ஏழு நாள். கிசுகிசுன்னு பேசறது இன்னும் மோசம். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கேன். பார்த்தா பயப்படற மாதிரி இல்லை. ஆனா ரிப்போர்ட் வராம நான் எதுவும் சொல்ல மாட்டேன். அடுத்த செவ்வாய் வாங்க.”

புற்றாக இருக்குமோ என்ற பயம் ஒரு பக்கம். ஞாயிறு ஏலம் இன்னொரு பக்கம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷம் ஏலம்தான் பெரிதாகத் தெரிந்தது. ஊருக்குப் போய் மௌனமாக இருந்துகொள்கிறேன் என்று சைகை காட்டினேன்.

வசந்தா மருத்துவரைப் பார்த்துச் சொன்னாள்: “ஊருக்குப் போனா இவுக பேசாம இருக்க மாட்டாக டாக்டர். இங்கனயே வச்சிக்கிடுதேன்.”

இருபத்தாறு வருஷக் கல்யாண வாழ்க்கையில் என்னைக் கேட்காமல் அவள் எடுத்த முதல் முடிவு அது. மறுத்துப் பேச எனக்கு வாய் இல்லை. டிக்கெட்டை ரத்து செய்தோம். வெளியே நடைபாதையில் நூற்றைம்பது ரூபாய்க்கு ஓர் எழுத்துப் பலகை வாங்கிக் கொடுத்தாள். எழுதிவிட்டுப் பொத்தானை அழுத்தினால் எல்லாம் மறைந்துவிடும், சிறு பிள்ளைகள் கிறுக்குவது.

வசந்தா ஃபோன் செய்ததும் தனா எங்களைக் கூட்டிப்போக வந்தார். விஷயம் தெரிந்ததும் மிகவும் வருத்தப்பட்டார். பேச முடியாதவனுக்குக் காதும் கேட்காது என்று எப்படியோ முடிவு கட்டிவிட்டு, “சார்! தல ஜாக்கிரத! குனிஞ்சி ஏறு!” என்று அடையாறு சிக்னலே அதிரக் கத்தினார்.

அன்று மாலை ஏழு மணிக்கு ஒரு சங்கடம். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் குடும்ப ஜெபம் ஏழு மணிக்கு. பாட்டு, வேத வாசிப்பு, பிறகு வீட்டுத் தலைவன் ஜெபிப்பான். மற்றவர்கள் ஆமென் சொல்வார்கள். நான் ஜெபித்தால் பிரதமர் தொடங்கி பால்காரர் வரை ஒருவரையும் விடமாட்டேன். தெருமுனை வரை கேட்கும். இப்போது யார் ஜெபிப்பது? வசந்தா, எங்களுக்கெல்லாம் மனப்பாடமான ஆண்டவர் கற்பித்த ஜெபத்தை மட்டும் மெல்லச் சொல்லிவிட்டு எழுந்துகொண்டாள்.

புதன், காலை 6.15. வசந்தா தூங்கட்டும் என்று தனியாக நடந்தேன். கபாலீசுவரர் கோயில் குளத்தைச் சுற்றி அப்போதுதான் கடை திறக்கிறார்கள். வாளியில் தண்ணீர் தெளிக்கிறார்கள், கோலப்பொடி வாசலில் விழுகிறது, காய்கறிக் கூடைகள் இறங்குகின்றன. நான் வழக்கமாக எங்கு போனாலும் யாரையாவது பிடித்து எந்த ஊர், என்ன தொழில் என்று விசாரிப்பவன். அதற்கு வழியில்லாமல் வெறுமே பார்த்துக்கொண்டு நடந்தேன். குளத்துத் தண்ணீர் அசையாமல் கிடக்க, கோபுரம் முழுதாக அதில் தெரிந்தது. இவ்வளவு அழகான ஊரை நான் ஏன் இத்தனை காலம் கூட்டம், வெயில் என்று திட்டினேன்?

குளத்துக்குப் பின் சந்தில் ஒரு சிறிய சிற்றுண்டிக் கடை. பொங்கல் அறுபது, காபி முப்பது. கல்லாவில் ஓர் அம்மாள், எல்லோரும் மாமி என்றார்கள். நான் விலைப்பலகையில் பொங்கலைத் தொட்டுக் காட்டினேன், பிறகு உதட்டில் விரல் வைத்தேன். மாமியின் முகமே மாறிவிட்டது.

“மௌன விரதமா? எத்தனை நாள்?”

ஏழு விரல் காட்டினேன்.

“பேஷ்! எங்காத்துக்காரரும் வியாழக்கிழமைக்கு வியாழக்கிழமை இருப்பார். காத்தால பத்து மணிக்கு ஃபோன் வந்தாப் போச்சு, பேசிண்டே மாடிக்குப் போயிடுவார்.”

எனக்குத் தனி மேசை. பொங்கலில் கூடுதலாக ஒரு கரண்டி நெய். பக்கத்து மேசைக்காரர் என்னைப் பார்த்து எழுந்து கும்பிடவே கும்பிட்டார். ஐயோ, இது பொய் சாட்சி அல்லவா? பலகையை எடுத்து, ‘விரதம் இல்லை. நான் கிறிஸ்தவன். தொண்டையில் ஆபரேஷன்’ என்று எழுதி நீட்டினேன்.

மாமி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிதானமாகப் படித்தார். “அதனால என்ன? நாங்கள்லாம் இழுத்துப் பிடிச்சுண்டு உக்காந்தாலும் மௌனம் வரமாட்டேங்கறது. உங்களுக்குத் தானா வந்திருக்கு. வந்ததை வீணாக்கிடாதேங்கோ” என்றார். நெய்யைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை.

அன்று முழுக்க அந்தச் சொல் என்னை விடவில்லை. வேதத்தில் வருவாரே, தேவாலயத்துக்குள் தூபம் காட்டப் போய், தேவதூதன் சொன்னதை நம்பாததால் பேச்சிழந்து பலகையில் எழுதிக் காட்டிய அந்த ஆசாரியரைப் பற்றி நானே எத்தனை முறை பிரசங்கம் செய்திருப்பேன்! அது தண்டனை என்றுதான் சத்தம் போட்டுச் சொல்லியிருக்கிறேன். ஒருவேளை அது அவருக்குக் கிடைத்த விடுமுறையோ என்று முதல் முறையாகத் தோன்றியது.

வெள்ளி, காலை 11 மணி. தி.நகர். தனாவின் ஆட்டோவில் ஆழ்வார்பேட்டை வழியாகப் போனோம், நூற்றிருபது ரூபாய். உஸ்மான் சாலையில் ஐந்து மாடி ஜவுளிக்கடை. வசந்தா பேசிய ஒரே வார்த்தையில் விற்பனையாளர் பிடித்துக்கொண்டார். “அக்காவுக்கு நம்ம பக்கமா?” அவர் திசையன்விளை. கடை முதலாளியும் அந்தப் பக்கம்தான். வசந்தா அவரிடம் கிணற்றுத் தண்ணீர், முருங்கைக்காய் விலை, போன மழை என்று பேசிப் பேசி, நாசூக்காக விலையையும் இறக்கினாள். நான் வாயைப் பிளந்து நின்றேன். கடைகளில் பேரம் எப்போதும் நான் பேசுவது. அவள் இத்தனை இனிமையாகப் பேசுவாள் என்பதே எனக்குத் தெரியாது.

சேலை எடுத்தபின் அவளைக் காணவில்லை. வழக்கமான நான் என்றால் கீழே நின்றபடியே “ஏ வசந்தா!” என்று ஒரு குரல் கொடுத்திருப்பேன், மாடியே திரும்பியிருக்கும். இப்போது படியேறித் தேட வேண்டியிருந்தது. இரண்டாம் மாடியில் குழந்தைகள் பிரிவில் நின்றாள். கையில் ஒரு வெள்ளைக் கவுன், சரிகை வைத்தது, எங்கள் ஊரில் ஞானஸ்நானத்துக்குப் போடுவார்களே அந்த மாதிரி.

“பேத்திக்கா அக்கா? எத்தன மாசம்?” என்று கேட்டாள் விற்பனைப் பெண்.

“சும்மாதாம்மா பாத்தேன்.”

கூப்பிட முடியாததால் நின்றேன். கை தானாக வாட்ச் பொத்தானை அழுத்தியிருந்தது. நான்கு நிமிஷம் அந்தக் கவுனின் விளிம்பை அவள் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு மடித்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள். எங்கள் ஒரே மகன் ஷார்ஜாவில் இருக்கிறான், அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. அவள் ஏன் அந்தக் கவுனிடம் நின்றாள் என்று எனக்குத் தெரியும். தெரியாதது போல் பலகையில் ‘போவோமா?’ என்று மட்டும் எழுதினேன்.

ஞாயிறு. காலை ஆராதனைக்கு மயிலாப்பூரிலேயே ஓர் ஆலயத்துக்குப் போனோம். பாட முடியாததால் பக்கத்தில் வசந்தா பாடுவது கேட்டது. எல்லோரும் பாடும் மெட்டோடு இழைகிற இரண்டாம் குரலில் அவள் பாடுகிறாள்! இத்தனை வருஷம் என் பக்கத்தில் நின்று பாடியவள்தான். என் சத்தத்தில் அது எனக்குக் கேட்டதே இல்லை.

மாலை 4.10. விடுதி அறை. வசந்தாவின் ஃபோன் அடித்தது. எங்கள் சபைச் செயலர். “வாத்தியார் கேக்கட்டும்னு போட்டேன்க்கா, ஸ்பீக்கர்ல வைங்க” என்றார். என் பழைய மாணவன் பொன்ராஜ் ஏலம் விடுகிறான். வாழைத்தார் முந்நூறு ஒரு தரம், முந்நூற்றைம்பது ஒரு தரம், ரெண்டு தரம். கூட்டம் சிரிக்கிறது. பயல் நன்றாகத்தான் செய்கிறான். எனக்குப் பொறாமையில் தொண்டை அரித்தது.

நிமிர்ந்து பார்த்தேன். வசந்தா கட்டிலில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் காதில். சட்டென்று எழுந்து ஃபோனை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

மாலை 7 மணி. பாட்டும் வாசிப்பும் முடிந்தன. ஆண்டவர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லுவாள் என்று தலைகுனிந்து காத்திருந்தேன். தூங்குமூஞ்சி மரத்தில் பறவைகள் அடங்கிக்கொண்டிருந்தன. பிறகு ஆரம்பித்தாள், பக்கத்து வீட்டாரிடம் பேசுவது போல.

“ஆண்டவரே, இவுக பேசும்போது நான் இத உம்மகிட்ட சொன்னதில்ல. இருபத்தஞ்சு வருசமாச்சு. நம்ம ஜெமிமா சனிக்கிழம ராத்திரி பொறந்தா, ஞாயித்துக்கிழம காலைல போயிட்டா. மத்தியானம் அடக்கம் பண்ணுனாக. நாலு மணிக்கு இவுக ஏலத்துக்குப் போனாக. ஊரெல்லாம் காத்திருக்குன்னாக. நான் வெறுங்கையோட பாயில கெடந்தேன். மைக்கில இவுக சத்தம் வீட்டுக்குள்ள கேட்டுச்சு. ஒரு தரம், ரெண்டு தரம்னு. காதப் பொத்துனாலும் கேட்டுச்சு. இவுக மேல எனக்குக் கோவம் இல்ல, ஆண்டவரே. இருந்துச்சு, இப்பம் இல்ல. அந்தப் பேர வீட்டுல ஒருத்தரும் சொன்னதில்லல்லா, அதான் இன்னைக்கு உம்ம கிட்ட சொல்லுதேன். ஜெமிமா. அவள நல்லாப் பாத்துக்கிடும். இவுக தொண்டையையும் பாத்துக்கிடும். ஆமென்.”

அன்று ஊரே என்னைப் பாராட்டியது நினைவிருக்கிறது. ‘பெத்த பிள்ளைய மண்ணுல வச்சிட்டு வந்து ஆண்டவர் வேலைய செய்யுதாரே, விசுவாசம்னா இது’ என்றார்கள். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். உண்மை என்ன தெரியுமா? வீட்டில் உட்கார எனக்குப் பயம். சத்தம் போட்டுக்கொண்டே இருந்தால் அழுகை வராது. அன்று பிடித்த மைக்கை நான் இருபத்தைந்து வருஷம் கீழே வைக்கவில்லை. ஜெபத்தில்கூட வைக்கவில்லை. பால்காரருக்கு ஜெபித்தேன், என் மகள் பெயரை ஒருநாளும் சொல்லவில்லை.

ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது. அதற்கும் அனுமதி இல்லை, தொண்டை அதிரக்கூடாதாம். கண்ணீர் மட்டும் வழிந்தது. பலகையை எடுத்தேன். ‘மன்னிச்சுக்கோ’ என்று எழுதினேன். வசந்தா அதை வாசித்தாள். பொத்தானை அழுத்தி அழித்தாள். “வாயால சொல்லுங்க, பொறவு. இப்பம் சாப்பிட வாங்க” என்றாள்.

செவ்வாய், காலை 10.30. மீண்டும் அடையாறு. தனாதான் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டார். மருத்துவரின் மேசையில் மூடிய உறை ஒன்று இருந்தது. வசந்தா என் முழங்கையைப் பிடித்த பிடியில் தழும்பே விழுந்திருக்கும். ஏழு நாளாக என் முதல் வார்த்தை என்னவாக இருக்க வேண்டும் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். மருத்துவர் குழாயை உள்ளே விட்டுக்கொண்டு, “ஈ சொல்லுங்க” என்றார். ஏழு நாள் மௌனத்துக்குப் பின் நான் உலகத்துக்குச் சொன்ன முதல் செய்தி “ஈ”.

உறையைப் பிரித்தார். “புத்து இல்லை. சாதாரணக் கட்டிதான்.”

வசந்தா நாற்காலியிலேயே கண்ணை மூடிக்கொண்டாள். நான் மூச்சு விட்டேன், அவ்வளவுதான் முடிந்தது.

“ஆனா ஒண்ணு சார். பழைய குரல் இனி வராது. கத்தக்கூடாது, விசில் வேண்டாம், மைக் பிடிச்சு ஏலம் கண்டிப்பா வேண்டாம். இன்னைக்கு மொத்தமா அஞ்சு நிமிஷம் பேசலாம், மெல்லமா. தினமும் கொஞ்சம் கொஞ்சமா கூட்டிக்கலாம்.”

ஐந்து நிமிஷம்! முப்பது வருஷ ஏலம் போயிற்று. ஒரு வாரத்துக்கு முன் என்றால் இடிந்து போயிருப்பேன்.

வெளியே தனா ஓடி வந்தார். “இன்னா சார், இன்னா சொன்னாங்கோ?” என் காதருகே கத்தினார். வசந்தா சொன்னதும் என்னைக் கட்டிக்கொண்டார். “சாய்ந்தரந்தானே ரயிலு? வா, பீச்சுல வுட்றேன். நல்ல சேதி கேட்டுட்டு ரூமுல போய் குந்தாத.”

பெசன்ட் நகர் கடற்கரை, இரண்டரை கிலோமீட்டர். காசு வேண்டாம் என்றார், வசந்தா விடாமல் எண்பதைக் கையில் திணித்தாள். பதினொன்றரை மணிக்கு வெயில் ஏறிவிட்டது, மணலில் ஆள் இல்லை. கட்டி வைத்திருந்த ஒரு படகின் நிழலில் உட்கார்ந்தோம். கடல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

ஸ்டாப்வாட்ச்சை ஐந்து நிமிஷத்துக்கு வைத்தேன். வசந்தா சிரித்தாள். “என்ன சொல்லப் போறீக அத்தான்? ரோசிச்சு சொல்லுங்க.”

நான் அவளைப் பார்த்துச் சொன்னேன்: “ஜெமிமா.”

குரல் என்னுடையதாகவே இல்லை. காற்றுத்தான் கொஞ்சம் கனத்து வெளியே வந்தது. ஆனாலும் அவளுக்குக் கேட்டது. சிரிப்பு நின்றுவிட்டது. கடலைப் பார்த்துக்கொண்டே, “இன்னொரு தரம்” என்றாள்.

“ஜெமிமா.”

“இன்னொரு தரம்.”

மூன்றாம் தரம் சொன்னேன். வசந்தா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இருபத்தைந்து வருஷத்துக்கு முன் அழ வேண்டியதை, நான் பக்கத்தில் இருக்க, அழுதாள். “மன்னிச்சுக்கோ” என்றேன். அதன் பிறகு வாட்ச்சை நிறுத்திவிட்டேன். பேசியது ஒரு நிமிஷம்கூட இல்லை.

மாலை 6.50. ரயில் தாம்பரம் தாண்டிவிட்டது. இந்த ஊரை நான் ஒரு வாரம் பார்த்தது போல் என் ஊரையே ஐம்பத்து நான்கு வருஷத்தில் பார்த்ததில்லை. ஊரில் எனக்கு எல்லோரையும் தெரியும், எல்லோரிடமும் பேசுவேன். இங்கே நெய் விட்ட மாமியின் பெயர்கூடத் தெரியாது. ஆனால் அவர் சொன்னதைக் கேட்டுவிட்டேன். ஆண்டவர் என் பயணத்தைக் கெடுத்துவிட்டார் என்று போன செவ்வாய்க்கிழமை முறுமுறுத்தேன். நான் போய்க்கொண்டே இருந்திருந்தால் அவர் என்னிடம் எப்போது பேசியிருக்க முடியும்?

ஏழு மணி ஆயிற்று. எதிர் இருக்கைக்காரர் சப்பாத்திப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். வசந்தா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். எனக்கு இன்னும் நான்கு நிமிஷத்துக்கு மேல் பாக்கி இருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். அவளே ஜெபித்தாள், மருத்துவருக்காக, தனாவுக்காக, பெயர் தெரியாத மாமிக்காக, ஷார்ஜாவில் இருக்கும் மகனுக்காக, மகளுக்காக.

நான் ஆமென் என்றேன்.